ஜவ்வாது மலையில கரன்ட், பாத்ரூம் எதுவும் இல்லாத இடத்துல ஒரு ராத்திரி டென்ட், 68 வயசு மாமனாரைக் கூட்டிட்டுப் போகலாமா?

மீனா_வேளச்சேரி

எல்லாருக்கும் வணக்கம். நாங்க வேளச்சேரி. நான், வீட்டுக்காரர், பசங்க ரெண்டு பேரு (9 வயசு, 5 வயசு), அப்புறம் மாமா, அதாவது என் மாமனார், மொத்தம் அஞ்சு பேரு. பொங்கல் முடிஞ்சு தை அமாவாசைக்கு முந்தின சனிக்கிழமை ஜவ்வாது மலைல, ஜமுனாமரத்தூர் தாண்டி ஒருத்தரோட நிலத்துல டென்ட் போட்டு ஒரு ராத்திரி தங்கலாம்னு தெரிஞ்சவங்க மூலமா பேசி வச்சிருக்கோம். ரிசார்ட்லாம் இல்ல. நிலத்துக்காரர் போன்லயே தெளிவா சொல்லிட்டாரு, "கரன்ட் கிடையாதும்மா, பாத்ரூம் கிடையாது, சமைச்சுக் குடுக்க ஆள் இல்ல, இடம் இருக்கு, கொஞ்சம் தள்ளி கிணறு இருக்கு, அவ்ளோதான்"னு.

எதுக்கு இப்படி ஒரு இடம்னு கேப்பீங்க. மாமாவுக்கு சொந்த ஊரு ஆலங்காயம் பக்கம். சின்ன வயசுல தினமும் கீழ இருந்து அந்த மலையப் பாத்துட்டே வளந்தவரு, அவங்க அப்பா புளி வாங்க மேல போவாராம், இவரையும் ரெண்டு மூணு தடவை கூட்டிட்டுப் போயிருக்காரு, ஆனா சாயங்காலமே இறங்கிடுவாங்க. "மேல ஒரு ராத்திரி கூட படுத்ததில்லம்மா, அங்க நட்சத்திரம் கைக்கு எட்டுற மாதிரி இருக்கும்னு எங்க அப்பா சொல்லுவாரு"ன்னு போன மாசம் மொட்டை மாடில துணி எடுக்கும்போது சொன்னாரு. எங்க மாடில நிமிந்து பாத்தா எண்ணி எட்டு நட்சத்திரம் தெரியும். அதான் இவரும் நானும் முடிவு பண்ணிட்டோம்.

பிரச்சனை என்னன்னா மாமாவுக்கு முட்டி வலி, கீழ உக்கார முடியாது, சுகர் மாத்திரை போடறாரு, ராத்திரி ரெண்டு தடவையாவது எழுந்திருப்பாரு. சின்னவளுக்கு இருட்டுன்னா பயம். எங்க யாருக்கும் டென்ட் போட்டுப் பழக்கமே இல்ல. தண்ணி எவ்ளோ எடுத்துட்டுப் போகணும், பாத்ரூமுக்கு என்ன பண்றது, பாம்பு பயம் எப்படி, குளிர் எவ்ளோ இருக்கும், எது இல்லாம போனா மாட்டிப்போம், இத யாராவது அனுபவத்துல சொன்னா உதவியா இருக்கும்.

அம்பத்தூர்_மலைநடை

சிஸ்டர், கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. ஆனா முதல்ல ஒரு வேலை. அந்த இடம் அவரோட பட்டா நிலமான்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க. ஜவ்வாது மலைல பட்டா நிலமும் காப்புக்காடும் ஒட்டி ஒட்டி இருக்கும், ஒரு வரப்பு தாண்டினா காடு. காப்புக்காட்டுல அனுமதி இல்லாம ராத்திரி தங்கினா குத்தம், கேஸ் போடுவாங்க, போடவும் வேணும். 2018 மார்ச் 11 தேனி குரங்கணில மலையேறப் போனவங்க காட்டுத்தீயில மாட்டி 23 பேரு போயிட்டாங்க, அதுல நம்ம சென்னைல இருந்து போனவங்க நிறைய பேரு. அந்த வருஷமே தமிழ்நாட்டுல மலையேற்றத்துக்குத் தனி விதிமுறை வந்துச்சு. 2024 அக்டோபர்ல அரசே 40 பாதைகள வச்சு ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆரம்பிச்சாங்க, அதையும் பிப்ரவரி நடுவுல இருந்து ஏப்ரல் நடு வரைக்கும் தீ சீசன்னு நிறுத்தி வைக்கிறாங்க. நீங்க தை மாசம் போறது சரியான நேரம், மழையும் ஓஞ்சிருக்கும், புல்லும் முழுசா காஞ்சிருக்காது.

தண்ணிக்கு வீட்டுக்கு வர்ற 20 லிட்டர் கேனே போதும், ரெண்டு எடுத்துக்கோங்க. பெரியவங்களுக்கு மூணு லிட்டர், பசங்களுக்கு ரெண்டுன்னு வச்சாலும் குடிக்கவே 13 லிட்டர் ஆச்சு, சமையல் சேத்தா ஒரு கேன் முடிஞ்சிரும். இன்னொரு கேன் கை கழுவ, பல் தேய்க்க, பாத்ரூமுக்கு. கிணத்துத் தண்ணி குடிக்கிற நிலமை வந்தா நல்லா தளதளன்னு கொதிக்க வச்சுக் குடிங்க, இல்ல மெடிக்கல்ல கிடைக்கிற குளோரின் மாத்திரை, போட்டு அரை மணி நேரம் விட்டு. ஒரு சின்ன விஷயம், கேனை அப்படியே எடுத்துட்டுப் போகாதீங்க, அடியில குழாய் வச்ச கேன் ஒண்ணு வாங்கி அதுல ஊத்தி ஒரு பாறை மேல வச்சிருங்க. இருட்டுல 20 கிலோ கேனைச் சாய்ச்சு சொம்புல ஊத்துறப்ப பாதித் தண்ணி கீழ போகும், காலடியெல்லாம் சேறாகும், அந்தச் சேத்தோட டென்ட்குள்ள போவாங்க பசங்க.

டென்ட் எங்க போடறோம்ங்கிறதுலதான் நான் ஒரு தடவை பட்டுட்டேன். 2016ல ஒரு குழுவோட (பேரு வேணாம்) ஆந்திரா பக்கம் ஒரு மலைக்குப் போனோம். காஞ்ச ஓடை மணல் மெத்து மெத்துன்னு இருக்கு, இங்கயே படுக்கலாம்னு கூட்டிட்டுப் போனவங்க சொன்னாங்க, நாங்களும் சரின்னு போட்டோம். எங்களுக்கு மேல ஒரு சொட்டு மழை இல்ல. ராத்திரி ரெண்டு மணிக்கு முதுகுல சில்லுன்னு இருந்துச்சு, கை வச்சுப் பாத்தா பாயைத் தூக்கிட்டுத் தண்ணி ஓடுது. மேல எங்கயோ பெய்ஞ்சது கீழ இறங்கி வந்திருக்கு. செருப்பு, பை, அடுப்பு எல்லாம் போச்சு, ஆள் தப்பிச்சோம். அதனால ஓடை, பள்ளம், பட்ட கிளை தொங்குற மரத்தடி, பழம் இருக்கிற பலா மரத்தடி எதுலயும் போடாதீங்க, கொஞ்சம் மேடா சமமா இருக்கிற இடம். போற வாரத்துல வங்கக்கடல்ல ஏதாவது தாழ்வுன்னு வானிலை மையம் சொல்லிச்சுன்னா யோசிக்காம தேதிய மாத்திருங்க.

குளிருன்னு எல்லாரும் மேல போர்வை போட்டுப்பாங்க, ஆனா குளிர் வர்றது கீழ இருந்து. தரைக்கும் உடம்புக்கும் நடுவுல ஃபோம் மேட், அது மேல ஜமக்காளம். தை மாசம் அங்க விடியக்காலைல 15 டிகிரிக்குக் கீழ போகும், நம்ம ஊரு உடம்புக்கு அது ஜாஸ்தி. குல்லா, சாக்ஸ் எல்லாருக்கும். குளிருதேன்னு கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ டென்ட் உள்ள கொண்டு போயிடாதீங்க, அந்தப் புகை வாசனையே இல்லாம தூக்கத்துலயே ஆளை முடிச்சிரும். டென்டோட காத்து வர்ற வலையையும் மூடாதீங்க, மூடினா அஞ்சு பேரு மூச்சும் உள்ளயே தண்ணியாகி காலைல முகத்துல சொட்டும்.

கடைசியா, போறதுக்கு முந்தின வாரம் உங்க மொட்டை மாடிலயே டென்ட் போட்டு ஒரு ராத்திரி எல்லாரும் படுங்க. என்ன இல்லைன்னு வேளச்சேரிலயே தெரிஞ்சிரும்.

ஆர்எஸ்_பெரம்பூர்

தப்பா எடுத்துக்காதீங்க மேடம், எனக்கு இது சரின்னு படல. முட்டி வலி, சுகர், 68 வயசு. ஏலகிரில ரூம் போட்டு மாடில உக்காந்து நட்சத்திரம் பாக்கலாமே. 2021 ஜனவரில வயநாடு மேப்பாடில டென்ட்ல தங்கப் போன ஒரு பொண்ணை யானை தாக்கி இறந்து போச்சு, அதுவும் ரிசார்ட்ல. கரன்ட் இல்லாத இடத்துல ராத்திரி பெரியவருக்கு ஏதாவதுன்னா மலை இறங்கி வரணும். எங்க அப்பாவா இருந்தா நான் விட மாட்டேன்.

தாம்பரம்_நர்ஸ்

பெரம்பூர் சார் சொல்றதுல உள்ள அக்கறை புரியுது, ஆனா ஏலகிரில விளக்கு வெளிச்சம் எவ்ளோ ஆயிருச்சுன்னு பாத்தீங்களா. அவரு ஆசைப்படறது வேற. நான் 19 வருஷமா வார்டுல இருக்கேன், எங்க அம்மாவை ரெண்டு தடவை இந்த மாதிரி இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கேன், அவங்களுக்கும் ரெண்டு முட்டியும் தேய்மானம். ஏற்பாடு சரியா இருந்தா ஒண்ணும் ஆகாது மீனா.

டென்ட், சாப்பாடு எல்லாத்தையும் விட முக்கியம் மாமாவோட பாத்ரூம்தான், அதை முதல்ல முடிங்க, மத்ததெல்லாம் தானா சரியாகும். சர்ஜிகல் கடைல மடக்குற கமோடு நாற்காலி கிடைக்கும், அடியில இருக்கிற வாளியை எடுத்துட்டா வெறும் ஓட்டை நாற்காலி. வெளிச்சம் இருக்கும்போதே போய், கிணறு ஓடையில இருந்து 200 அடியாவது தள்ளி ஒரு இடம் பாத்து, களைக்கொத்தால ஒரு சாண் ஆழம் குழி தோண்டி, அதுக்கு மேல நாற்காலியை அசையாம நிறுத்திருங்க. நாலு காலும் மண்ணுல அழுந்துதான்னு நீங்களே உக்காந்து பாருங்க, சாயிற மாதிரி இருந்தா காலுக்கு அடியில தட்டைக் கல்லு வைங்க. தோண்டின மண்ணு பக்கத்துலயே குவிச்சு ஒரு கரண்டி, ஒவ்வொரு தடவையும் ஒரு கரண்டி மண்ணு, கிளம்பும்போது முழுசா மூடி மிதிச்சிருங்க. சுத்தி நாலு குச்சி நட்டு பழைய புடவை கட்டினா மறைவு ஆச்சு. டென்ட் வாசல்ல இருந்து அந்தப் புடவை வரைக்கும் இடுப்பு உயரத்துக்கு ஒரு கயிறு கட்டிருங்க. எங்க அம்மா ராத்திரி மூணு மணிக்கு ஒரு கைல டார்ச், ஒரு கை கயித்துலன்னு தனியாவே போயிட்டு வந்தாங்க, என்னை எழுப்பவே இல்ல. நான் காலைல கேட்டதுக்கு "கயிறு இருக்கேடி"ன்னாங்க. ஆனா மாமா கூட உங்க வீட்டுக்காரர் போறதுதான் நல்லது, முதல் தடவை இல்லையா. நாப்கின், டயப்பர், வெட் டிஷ்யூ எதையும் புதைக்காதீங்க, ஒரு கவர்ல கட்டி சென்னைக்கே கொண்டு வாங்க.

இப்ப பாம்பு. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் இந்த நாலும் நம்ம பக்கம் உண்டு. டென்ட்ல படுக்கிறவங்களுக்கு முக்கியமானது கட்டுவிரியன், அது ராத்திரி நடமாடும், தரைல படுத்திருக்கிறவங்களக் கடிக்கும், கடிச்சா வலியே பெருசா தெரியாது, வீங்கவும் செய்யாது. அதனாலதான் ஆபத்து. விடியக்காலைல காரணம் இல்லாம வயித்து வலி, கண் இமை தொங்குது, பேச்சு குழறுதுன்னா கடி தெரியலைன்னாலும் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க. மத்தபடி தடுக்கிறது சுலபம், டென்ட் ஜிப் எப்பவும் மூடியே இருக்கணும், பசங்க ஓடி ஓடித் திறந்து விடுவாங்க அதைப் பாத்துக்கோங்க. ஷூவை வெளிய விடாதீங்க, காலைல உதறிட்டுப் போடுங்க. சாப்பாட்டை டென்ட்ல வைக்காதீங்க, கார்லயே பூட்டுங்க, சோத்துப் பருக்கைக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். கடிச்சிருச்சுன்னா கயிறு கட்டறது, கீறி விடறது, உறிஞ்சறது எதுவும் வேணாம். மோதிரம், கொலுசு, வளையல கழட்டிட்டு, எலும்பு முறிஞ்சா கட்டுற மாதிரி குச்சி வச்சு அசையாம கட்டி, நடக்க விடாம தூக்கிட்டுப் போங்க. ஈசிஆர் வடநெம்மேலில 1978ல ஆரம்பிச்ச இருளர் கூட்டுறவு சங்கம் இருக்கே, அவங்க எடுத்துக் குடுக்கிற விஷத்துல இருந்துதான் நாட்டோட மருந்துல பெரும்பகுதி தயாராகுது, அந்த நாலு பாம்புக்கும் ஒரே மருந்து. அதனால என்ன பாம்புன்னு தேடி அடிச்சுக் கொண்டு வர நேரத்தை வீணாக்காதீங்க. அந்த மருந்து இருக்கிற பக்கத்து அரசு ஆஸ்பத்திரி எது, எவ்ளோ தூரம்னு நிலத்துக்காரர்கிட்ட இப்பவே கேட்டு எழுதி வச்சுக்கோங்க, 108க்குப் பேச எந்த இடத்துல சிக்னல் கிடைக்கும்னும் கேளுங்க.

பாம்பை விட எனக்குக் கவலை உண்ணிக் காய்ச்சல். வேலூர் பக்கம் மழைக்கு அப்புறம், குளிர் மாசங்கள்ல அது நிறைய வரும். புல்லு புதர்ல இருக்கிற பூச்சி, கண்ணுக்கே தெரியாது, கடிச்சா வலிக்காது. புல்லு மேல வெறும் உடம்போட உக்காராதீங்க, துணியைப் புதர் மேல காயப் போடாதீங்க, முழுக்கை, முழுப் பேன்ட், பேன்ட்டை சாக்ஸ் உள்ள விடுங்க. வீட்டுக்கு வந்ததும் குளிச்சிட்டு எல்லாத் துணியையும் வெந்நீர்ல போடுங்க. மூணு வாரத்துக்குள்ள யாருக்காவது காய்ச்சல் வந்தா அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு எல்லாம் பாருங்க, சிகரெட் சுட்ட மாதிரி கருப்பா ஒரு பொருக்கு இருக்கலாம். டாக்டர்கிட்ட "மலைக்குப் போயிட்டு வந்தோம்"னு நீங்களே வாயைத் திறந்து சொல்லணும், சொன்னாதான் அவங்களுக்கு அந்தப் பக்கம் யோசனை போகும். சரியான மாத்திரை சீக்கிரம் குடுத்துட்டா நல்லா கேக்கும்.

மாமாவுக்கு ராத்திரிச் சாப்பாடு லேட் ஆகக் கூடாது, மாத்திரை போட்டுட்டு அடுப்பு பத்தலைன்னு உக்காந்திருக்கக் கூடாது. முதல் வேளைக்கு வீட்டுல இருந்தே புளிசாதமும் பொடி தடவின இட்லியும் கட்டிட்டுப் போயிருங்க. தலைமாட்டுல சக்கரையும் பிஸ்கட்டும் ஒரு டப்பாவுல இறுக்கி மூடி இருக்கட்டும்.

ஜமுனாமரத்தூரான்

நான் அந்த மலைக்காரன், இப்ப பெருங்குடில வேலை. மேல எல்லாரும் சொன்னது சரிதான், எங்க பக்கத்துல இருந்து சில விஷயம் சொல்றேன் அக்கா.

ஆம்பூர், வாணியம்பாடி சுத்திக்கிட்டுப் போகாதீங்க, காஞ்சிபுரம், ஆற்காடு, ஆரணி, போளூர் வழியா வந்து ஏறுங்க. 200 கிலோமீட்டருக்கு மேல ஆகும், விடியக்காலைல கிளம்பினா சாப்பாட்டு நேரத்துக்கு வந்துரலாம். இருட்டினதுக்கு அப்புறம் மலை ஏறாதீங்க, வளைவுல மாடு படுத்திருக்கும். திரும்பும்போது ஆலங்காயம் பக்கமா இறங்குங்க, மாமாவுக்கு அவரு ஊரையும் பாத்த மாதிரி ஆச்சு. அந்த வழியிலதான் காவலூர் வானாய்வகம், 1986ல திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி அங்க இருக்கு. சனிக்கிழமைல பொதுமக்கள உள்ள விடுவாங்க, நீங்க இறங்குறது ஞாயித்துக்கிழமைங்கிறதால உள்ள விடுவாங்களான்னு முன்னாடியே விசாரிச்சுக்கோங்க. வெளிச்சம் இல்லாத வானம்னுதான் அவங்களே அந்த இடத்தைத் தேடிப் பிடிச்சு வந்தாங்க, உங்க மாமாவோட அப்பா சொன்னது சும்மா இல்ல.

யானை பத்திப் பெரம்பூர் சார் சொன்னாரு, வயநாடு வேற காடு. எங்க மலைல ராத்திரி நீங்க பாக்கப் போறது காட்டுப்பன்னி, அதுவும் சாப்பாட்டு வாசனைக்குத்தான் வரும். கரடி நடமாட்டமும் உண்டு, அதனால இருட்டினா டென்டை விட்டுத் தள்ளி நடக்காதீங்க. நிலத்துக்காரர் வீட்டு நாய் உங்ககூடவே வந்து படுத்துக்கும், விரட்டாதீங்க, அது குரைக்கிறத வச்சே என்ன வருதுன்னு தெரியும்.

ஒண்ணு மட்டும் மனசு விட்டுக் கேட்டுக்கிறேன். போன வருஷம் எங்க சித்தப்பா நிலத்துக்குப் பக்கத்துல சென்னைல இருந்து ஒரு கூட்டம் வந்து தங்குச்சு. காலைல ஓடைல இறங்கி ஷாம்பு போட்டுக் குளிச்சாங்க. அன்னைக்கு எங்க மாடு அந்தத் தண்ணில வாய் வைக்கல, மோந்து பாத்துட்டுத் தலையை ஆட்டிட்டுத் திரும்பிருச்சு. சித்தி ரெண்டு நாளு மேல ஊத்துக்குப் போய்த்தான் குடத்துல தண்ணி எடுத்தாங்க. வந்தவங்க கெட்டவங்க இல்ல, போகும்போது பசங்களுக்கு சாக்லேட்லாம் குடுத்துட்டுப் போனாங்க, அது எங்க குடிதண்ணின்னு அவங்களுக்குத் தோணவே இல்ல. தயவு செஞ்சு சோப்பு, பாத்திரம் கழுவுற தண்ணி எல்லாம் வாளில மொண்டுட்டு வந்து தள்ளி ஊத்துங்க. விறகும் காட்டுக்குள்ள போய்ப் பொறுக்காதீங்க, நிலத்துக்காரர்கிட்ட காசு குடுத்தா அவரு தோட்டத்துக் கட்டையே தருவாரு, கிளம்பும்போது தண்ணி ஊத்தி, கிளறி, மறுபடி ஊத்தி, சாம்பல்ல கை வச்சுப் பாருங்க, சூடு இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் வேணாம்.

மீனா_வேளச்சேரி

எல்லாருக்கும் ரொம்ப ரொம்ப நன்றி. ரெண்டு வாரம் கழிச்சு எழுதறேன். அம்பத்தூர் அண்ணா சொன்ன மாதிரி நேத்து ராத்திரி மொட்டை மாடில ஒத்திகை பாத்தோம். சிமென்ட்ல ஆணி இறங்காதுன்னு நாலு மூலைலயும் தண்ணி கேனைக் கட்டி நிறுத்தினோம். அஞ்சு பேருக்கு நாலு பேர் டென்ட் போதாதுன்னு தெரிஞ்சுது, மாமாவுக்குத் தனியா சின்னது ஒண்ணு வாடகைக்கு எடுக்கப் போறோம், ஏன்னா அவரு எழுந்திருக்கும்போது எங்களைத் தாண்டித் தாண்டி வர வேண்டியிருந்துச்சு. தரைல இருந்து எந்திரிக்கக் கஷ்டப்பட்டாரு, அதனால வீட்டுல இருக்கிற மடக்குக் கட்டில் உள்ள போகுதான்னு அளந்து பாத்தோம், போகுது. கமோடு நாற்காலி வாங்கியாச்சு, முதல்ல பாத்துட்டு ஒண்ணும் பேசல, அப்புறம் தானே போய் உக்காந்து பாத்துட்டு "காலு ஆடல, சரியா இருக்கு"ன்னாரு. கயிறு வாங்கினது சின்னவளுக்குத்தான் ரொம்பப் பிடிச்சுது, மாடிக் கதவுல இருந்து டென்ட் வரைக்கும் கட்டி அதைப் பிடிச்சுட்டே லைட்டை அணைக்கச் சொல்லி நாலு தடவை நடந்தா.

பெரம்பூர் சார், நீங்க சொன்னதை வீட்டுல உக்காந்து பேசினோம். மாமாவோட டாக்டர்கிட்டயும் கேட்டாச்சு, போயிட்டு வாங்கன்னுட்டாரு. நிலத்துக்காரர் பட்டா நகலை போட்டோ எடுத்து அனுப்பினாரு, ஆஸ்பத்திரி விவரமும் வாங்கிட்டேன், டென்ட் போடற இடத்துல இருந்து நூறு அடி மேட்டுல ஏறினா சிக்னல் வருமாம்.

இன்னும் ஒண்ணு கேக்கணும். நட்சத்திரம் பாக்க டார்ச் வெளிச்சம் கண்ணைக் கெடுத்துரும்னு சொல்றாங்களே, ஆனா பசங்களுக்கு விளக்கு வேணுமே?

அம்பத்தூர்_மலைநடை

டார்ச் கண்ணாடி மேல சிவப்பு கலர் பேப்பர் ரெண்டு மடிப்பு வச்சு ரப்பர் பேண்ட் போடுங்க. சிவப்பு வெளிச்சம் கண்ணை அவ்வளவா கெடுக்காது. நடக்கும்போது மட்டும் வெள்ளை லைட், பாம்பு விஷயத்துல சிவப்பை நம்பாதீங்க. உக்காந்ததும் இருபது நிமிஷம் யாரும் போனைத் தொடாம இருங்க, அப்புறம்தான் வானம் முழுசா திறக்கும். அந்த மாசம் எட்டு மணிக்கு நேர் உச்சிலயே கார்த்திகைக் கூட்டம் கொத்தா தெரியும், அதுக்குக் கொஞ்சம் கிழக்கால செக்கச் செவேல்னு ரோகிணி. மாமாவே பசங்களுக்குக் காட்டிருவாரு, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இதெல்லாம் அத்துப்படி.

ஆர்எஸ்_பெரம்பூர்

இவ்ளோ பாத்து பண்றீங்கன்னா சரிதான் மேடம். நல்லபடியா போயிட்டு வாங்க. மாமா மாத்திரையை ரெண்டு செட்டா எடுத்துட்டுப் போங்க, ஒண்ணு பையில, ஒண்ணு கார்ல.

மீனா_வேளச்சேரி

கண்டிப்பா சார், நன்றி. ஜமுனாமரத்தூர் தம்பி, மாமா பக்கத்துல உக்காந்து கேக்கச் சொல்றாரு, சாமை இப்ப அங்க வாங்க முடியுமா, அவங்க அம்மா பொங்குற சாமைச் சோறு ஞாபகம் வந்துருச்சாம்.

ஜமுனாமரத்தூரான்

கிடைக்கும் அக்கா, அறுவடை முடிஞ்சு வீட்டுக்கு வீடு இருக்கும். கடைல பாலிஷ் போட்டதை வாங்காதீங்க, நிலத்துக்காரர் வீட்டுலயே கேளுங்க, முதல் நாளே சொல்லிட்டா குத்திப் புடைச்சு வச்சிருப்பாங்க. அங்கயே பொங்கறதா இருந்தா ஒண்ணுக்கு மூணு தண்ணி வைங்க, கல்லு இருக்கும், நல்லா அரிச்சுப் போடுங்க.